ஜெலுத்தோங் பாட்டுக்காரர்களின் கொள்கைப் பிரகடனம்

பினாங்கில் தமிழில் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, தாமே பாடுகிறவர்கள் நாங்கள். கல்யாண விருந்துகளில் இரவெல்லாம் இளையராஜாவையும் ரஹ்மானையும் பாடித்தான் எங்களில் பெரும்பாலோர் சம்பாதிக்கிறோம். அந்த வெள்ளியில்தான் கிட்டார் கம்பி வாங்குகிறோம்; அந்தத் தொழிலை இழிவாகப் பேசுகிறவருக்கு எங்களிடம் இடமில்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கும்போது, நம் ஊரைப் பற்றி ஒரு வரிகூடப் பாடவில்லையே என்ற உறுத்தலும் கூட இறங்குகிறது. அந்த உறுத்தல் உள்ளவர்கள் ஜெலுத்தோங்கில் கூடி இதை அறிவிக்கிறோம்.

எங்கள் முன்னோர் வரிசையைச் சென்னை ஸ்டூடியோக்களிலிருந்து தொடங்கமாட்டோம். இந்தத் தீவுக்கென்று போரியா இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்களோடு முஹர்ரம் மாதத்து ஆட்டபாட்டமாக வந்திறங்கி, இந்திய முஸ்லிம் குடும்பங்கள் வழியே மலாய்க் கம்பங்களுக்குப் பரவியது. அதில் துக்காங் காராங் என்றொருவர் உண்டு. பாட்டைக் கட்டுகிறவரும் அவரே, முன்னின்று பாடுகிறவரும் அவரே. பின்னால் நிற்கும் கூட்டம் அடியை வாங்கிப் பாடும். ஊர் நடப்பை நையாண்டி செய்யும் உரிமை அவருக்கு இருந்தது. நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருந்த வேலையை, எங்கள் தெருக்களில் வெகுகாலமாக ஒருவர் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அவரே எங்கள் முதல் ஆசான்.

பி. ரம்லி 1929இல் இதே ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு இருக்கும் சாலைக்கே இன்று அவர் பெயர். மெட்டும் குரலும் நடிப்பும் இயக்கமும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்று காட்டியவர். 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன், மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். பிறகு ஆலிகேட்ஸ் இசைக்குழு. டேவிட் ஆறுமுகமும், 2007இல் மறைந்த லோகநாதனும் பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள். மலாய்ப் பாட்டால் நாடறிந்தவர்கள். அதே குரல்கள் சொந்தத் தமிழ்ப் பாட்டோடு வந்திருந்தால் எங்கே பாடியிருக்கும்? சினிமாப் பாட்டு நிரம்பி வழிந்த நம் வானொலியிலும் விருந்து மேடையிலும் ஒரு மூலையாவது கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றே நினைக்கிறோம்.

நம் நாட்டுத் தமிழ் ராப் பாடகர்கள் யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' தொகுப்போடு வந்தபோது சென்னையே திரும்பிப் பார்த்தது. எங்களில் பலர் பேனா எடுத்ததே அதைக் கேட்டுத்தான். ஆனாலும் அதில் ஊரெங்கும் ஒலித்த 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படப் பாட்டின் மேல் கட்டியது. கதவைத் திறக்க அன்று அந்தச் சாவி தேவைப்பட்டது. இனிச் சாவி இல்லாமலே தட்டிப் பார்ப்போம்.

எங்கள் பாட்டு எங்கள் தமிழைப் பேசும். பசியாறுவோம், வெள்ளியை எண்ணுவோம், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அலைவோம். இந்தச் சொற்களைத் திருத்தித் தர முன்வரும் பெரியவர்களை மதிக்கிறோம், பாட்டைக் கையில் கொடுக்கமாட்டோம். காவிரியைக் கண்ணால் காணாதவர் காவிரிக்கு உருக வேண்டாம். கடலைத் தூர்த்துப் போட்ட விரைவுச்சாலை இங்கே இருக்கிறது. 2022 ஜனவரியில் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்தது. அதற்கு யார் பாட்டெழுதினார்கள்? 1978 முதல் 1999 வரை கர்ப்பால் சிங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. உரக்கப் பேசியவருக்கு ஓட்டுப் போட்ட ஊரில் பாட்டு மட்டும் ஏன் முணுமுணுக்க வேண்டும்?

காசு விஷயத்தையும் பேசியே ஆக வேண்டும். ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்போட்டிஃபை 2024 முதல் ஒரு காசும் தருவதில்லை. நூறு பேர் கேட்கும் பாட்டும் எங்களுக்குப் பாட்டுதான். ஆகவே வீட்டுக் கூடத்தில், கடை மாடியில், கோயில் மண்டபத்தில் பாடுவோம். கேட்டவர் கையில் இருப்பதைக் கொடுக்கட்டும். எழுதியவர் பெயரைச் சொல்லாமல் எவர் பாட்டையும் பாடமாட்டோம். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டைக் கட்டியவருக்கு உரிமை தந்திருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக அதை எழுதிக் கொடுக்கும் வழக்கம் எங்களோடு நிற்கும்.

சேர விரும்புகிறவர் சொந்தப் பாட்டு ஒன்றோடு வரட்டும். சுருதி விலகினால் பரவாயில்லை, சேர்ந்து சரிசெய்துகொள்ளலாம். மூன்றாவது பாட்டிலும் கோடம்பாக்கத்து மழையே பெய்தால் திருப்பி அனுப்புவோம், பசியாற வைத்துத்தான்.