வெள்ளியில் வார்த்த கியெரிம்ஸ்கி

அலெக்ஸாண்டர் கியெரிம்ஸ்கியைக் கௌரவித்து போலந்தின் தேசிய வங்கி 2006ல் 20 ஸ்லோட்டி வெள்ளி நாணயம் வெளியிட்டது. ஓவியனை நாணயத்தில் பதிக்கிற தேசமல்லவா தேசம் என்று நண்பர்கள் சிலர் உருகுகிறார்கள். எனக்கு உருக்கம் வரவில்லை.

நாணயம் வட்டமல்ல, நீள்சதுரம். ஓவியச் சட்டம் என்று நாம் பாவித்துக்கொள்ள வேண்டும். 28.28 கிராம் எடை. வெள்ளியின் மேல் ஒரு வர்ணத்தட்டு, அதில் அச்சடித்த சாயப் பொட்டுகள். வெளிச்சம் ஒரு பொருளின் நிறத்தை என்ன செய்கிறது என்பதோடு ஆயுள் முழுக்க மாரடித்தவன் கியெரிம்ஸ்கி. 1882ல் முடித்த ‘கொடிவீட்டில்’ படத்துக்கு, இலைகளினூடே விழுகிற வெயிலுக்காகவே பல வருஷங்களைத் தின்னக் கொடுத்தான். அவனுக்குச் செய்கிற மரியாதை நாலு சாயப் பொட்டுகள்!

இது அழகியல் பிசகு மட்டுமானால் விட்டுவிடலாம். இந்த வரிசையில் 2002லேயே யான் மாத்தெய்கோவுக்கும் நாணயம் வந்துவிட்டது. அதே நீள்சதுரம், அதே தட்டு. 1880களில் ‘வென்ட்ரோவியெத்ஸ்’ பத்திரிகையில் ஸ்தனிஸ்லாவ் விட்கியெவிச் எதை எதிர்த்து மல்லுக்கட்டினார்? மாத்தெய்கோவின் சரித்திரப் பிரம்மாண்டத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டிருந்த ரசனையை. படத்தில் இருப்பது தளபதியா, டர்னிப் பிடுங்குகிற பெண்ணா என்பது பொருட்டல்ல, எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்பதே விஷயம் என்றார். கியெரிம்ஸ்கி அந்தச் சண்டையின் நடுவில் நின்றவன். விஸ்துலா நதியில் மணல் அள்ளுகிறவர்களையும், குழந்தையின் சவப்பெட்டியருகே குடிசை வாசலில் உட்கார்ந்திருக்கும் தம்பதியையும் போட்டவன். ஒரே அச்சில் இருவரையும் வார்த்தபோது அந்தச் சண்டையே நடக்காததாகிவிட்டது. விமர்சனத்தை அரசு மறுக்கத் தேவையில்லை. இரு தரப்புக்கும் மாலை போட்டால் போதும்.

நாணயத்திடம் விமர்சனத்தை எதிர்பார்க்கலாமா என்பார்கள். எதிர்பார்க்கவில்லை. அதைக் கலாச்சாரப் பிரக்ஞைக்குச் சாட்சியாக நீட்டுகிறவர்களிடம்தான் என் வழக்கு. நாணயம் வந்த 2006ல் கியெரிம்ஸ்கியின் ‘ஆரஞ்சு விற்கும் யூதப்பெண்’ எங்கிருந்தது? இரண்டாம் உலக யுத்தத்தில் கொள்ளைபோன படம். 2010ல் ஜெர்மனியில் ஒரு சிறு ஏலக் கடையில் தலைகாட்டியது. 2011ல்தான் வார்சா தேசிய மியூசியத்துக்குத் திரும்பியது. அவளைப் போன்றவர்களின் வார்சாவோ திரும்பவேயில்லை. 1884ல் அவன் தீட்டிய ‘எக்காளத் திருநாள்’ படத்தில் விஸ்துலாக் கரையில் நின்று பிரார்த்திக்கிறார்களே யூதர்கள், அந்தச் சமூகத்தை நாஜிகள் துடைத்தழித்தார்கள். யதார்த்தவாதி என்று ஒருவனைக் கொண்டாடினால் அவன் எந்த யதார்த்தத்தைப் பார்த்தான் என்ற கேள்வியும் கூடவே வரவேண்டும். வர்ணத்தட்டு அதைக் கேட்கவிடாது. தட்டு எல்லா ஓவியனுக்கும் பொது.

1901ல் ரோமில், மனநோய் விடுதியில் செத்தான். மாத்தெய்கோவுக்குக் கிடைத்த ஊர்வலங்கள் எதுவும் அவனுக்கு வாய்க்கவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதே வருஷம் அவன் பேரில் 2 ஸ்லோட்டிக் காசும் வந்தது. ‘நார்டிக் தங்கம்’ என்று பெயர். செம்பு, அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம். தங்கம் பொட்டுக்கூடக் கிடையாது. முகமதிப்புக்கே புழக்கத்தில் விட்டார்கள். வெள்ளி நாணயத்தை வாங்கியவர் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினார். இந்த மஞ்சள் காசைச் சந்தையில் கொடுத்து ஆரஞ்சு வாங்கியிருக்கலாம்.