இடிந்த அரங்கும் அட்டைக் கிண்ணமும்



திருவெளிப்பாட்டு நூலின் மூன்றாம் அதிகாரத்தில் பிலடெல்பியா என்னும் நகரத்துச் சபைக்கு ஒரு மடல் வரையப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ‘சகோதர அன்பு’ என்பது அப்பெயரின் பொருள். ஆசியா மைனரில் இருந்த அந்தப் பழைய நகரின் பெயரையே தாங்கி, அமெரிக்க நாட்டின் கீழ்க்கரையோரத்தில் மற்றொரு மாநகர் விளங்குகின்றது. 1776-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் பிறந்த ஊர் அதுவே. அந்நகரசபைக்குச் சொந்தமாயிருந்து, அறுபத்தாறு ஆண்டுகள் நின்று, 1992-ஆம் ஆண்டு தரைமட்டமாக்கப்பட்ட ஒரு கால்பந்து அரங்கின் வரலாற்றை இம்மாதம் நாம் சற்றே சிந்திக்க விழைகின்றோம். எங்கோ இருந்த விளையாட்டு மைதானத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என வினவுவோர், சற்றுப் பொறுமையோடு இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகின்றோம்.

சுதந்திரப் பிரகடனத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாட, 1926-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரத்தார் மாபெரும் உலகப் பொருட்காட்சி ஒன்றை அமைத்தனர். நகரின் தென்கோடியில், சதுப்பு நிலத்தை மண்ணிட்டு மேடாக்கிய இடத்தில் காட்சி அமைந்தது. அதன் ஓர் அங்கமாகவே, குதிரை லாடத்தின் வடிவில், வடபுறம் திறந்தவாறு இந்த அரங்கம் எழுந்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரக்கூடிய அவ்வரங்கைக் கண்டு நகரத்தார் பெருமிதம் கொண்டனர். ஆனால் பொருட்காட்சியோ அவர்கள் எண்ணியவாறு நடைபெறவில்லை. கட்டிட வேலை முடிவதற்கு முன்பே கதவுகளைத் திறந்தனர். நூறு நாட்களுக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. முடிவில் கடனே மிஞ்சியது. காட்சிக் கூடங்கள் பெரும்பாலும் கலைக்கப்பட்டன. அரங்கு மட்டும் ‘நகரசபை அரங்கு’ என்னும் பெயரோடு நிலைத்து நின்றது.

அந்த முதலாண்டிலேயே, செப்டம்பர் 23-ஆம் நாள் இரவு, உலகக் குத்துச்சண்டை வீரரான ஜாக் டெம்ப்சியை ஜீன் டன்னி என்பவர் அங்கே எதிர்கொண்டார். கொட்டும் மழையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் நனைந்தவாறே அமர்ந்து பார்த்தனர். பத்துச் சுற்றுகளின் முடிவில் டன்னியே வென்றதாக அறிவிக்கப்பட்டது. அரங்கு தன் வாழ்நாளெல்லாம் பேசிக்கொள்ளத்தக்க புகழை முதலாண்டிலேயே ஈட்டிவிட்டது.

ஆயினும் அரங்கின் உண்மையான பயன் கால்பந்தாட்டமே. அமெரிக்கர் கால்பந்து என வழங்குவது நம் இளைஞர் ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும், தோளோடு தோள் மோதியும் ஆடுவது அது. அந்நாட்டுத் தரைப்படைக் கல்லூரி மாணவரும் கடற்படைக் கல்லூரி மாணவரும் ஆண்டுதோறும் மோதும் பந்தயம், 1936 முதல் 1979 வரை, உலகப் போர்க்காலத்தில் மூன்று ஆண்டுகள் நீங்கலாக, இவ்வரங்கிலேயே நடைபெற்றது. அன்று சிறப்பு ரயில்கள் டஜன் கணக்கில் வந்து நிற்கும். இரு கல்லூரி மாணவரும் அணிவகுத்து மைதானத்தில் நுழையும் காட்சியைக் காணவே பலர் வருவர். குடியரசுத் தலைவர்களும் வருவதுண்டு. அந்நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி, 1961-லும் 1962-லும் வந்திருந்து ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்தார்.

மூன்றாம் ஆண்டு அவர் வரவில்லை. 1963 நவம்பர் 22-ஆம் நாள் டல்லாஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துக்கத்தில் ஆழ்ந்திருந்த நாட்டில் இவ்வாண்டு ஆட்டம் வேண்டுமா என்னும் கேள்வி எழுந்தது. ஆட்டம் நடைபெறட்டும் என்பதே கென்னடியின் துணைவியாரின் விருப்பமாயிருந்தது. டிசம்பர் 7-ஆம் நாள் ஒரு லட்சம் பேர் கூடினர். கடற்படையினர் 21-க்கு 15 என்னும் கணக்கில் முன்னணியில் நிற்க, தரைப்படையினர் எல்லைக் கோட்டுக்கு இரண்டே கஜ தூரத்தில் பந்தோடு வந்து நின்றனர். கூட்டத்தின் ஆரவாரத்தில் தம் தலைவனின் குரல் தமக்கே கேட்காமல் திகைத்து நிற்கையில் நேரம் முடிந்துவிட்டது! ஓடி முடிந்த ஆட்டத்தை அந்தக் கணமே தொலைக்காட்சியில் மீண்டும் காட்டும் முறை முதன்முதலாகக் கையாளப்பட்டதும் அன்றுதான். தரைப்படையினர் இரண்டாம் முறையும் வென்றுவிடவில்லை என்று வர்ணனையாளர் நேயர்களுக்கு விளக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, 1964-ல், அரங்குக்கு ‘ஜான் எப். கென்னடி அரங்கு’ எனப் பெயர் சூட்டப்பட்டது.

இங்கே ஒரு செய்தியை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு லட்சம் பேர் கூடிய அதே 1963 டிசம்பர் மாதத்தில், அதே அரங்கில் ‘லிபர்ட்டி பௌல்’ என்னும் மற்றொரு பந்தயம் நடந்தது. கடுங்குளிரில் அதைக் காணப் பத்தாயிரம் பேர்கூட வரவில்லை. ஐந்தாண்டுகள் அங்கே நடந்த அப்பந்தயம் அத்துடன் வேறு நகருக்குச் சென்றுவிட்டது. ‘ஈகிள்ஸ்’ என்னும் அந்நகரத்துத் தொழில்முறைக் கால்பந்துக் குழுவும் முன்னரே வேறிடம் தேடிப் போயிருந்தது. ஆண்டில் ஓரிரு நாள் நிரம்பி வழிந்து, ஏனைய நாட்களில் வெறிச்சோடிக் கிடப்பதே இவ்வரங்கின் தலைவிதியாயிற்று. 1971-ல் அதன் அருகிலேயே நகரசபை புதியதோர் அரங்கைக் கட்டியது. பழையதன்மீது எவர் கண் படும்?

நம் திருச்சபையோடு இவ்வரங்குக்கு உள்ள உறவு 1976-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பம்பாய் மாநகரில் 1964-ல் நடந்த முப்பத்தெட்டாவது அனைத்துலக நற்கருணை மாநாட்டையும், திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதற்கென நம் மண்ணுக்கு வந்ததையும் மூத்த வாசகர் மறந்திரார். அவ்வரிசையில் நாற்பத்தோராவது மாநாடு 1976 ஆகஸ்டு முதல் வாரத்தில் பிலடெல்பியாவில் நடைபெற்றது. மனிதக் குடும்பத்தின் பசிகளும் நற்கருணையும் என்பதே அதன் மையப் பொருள். கல்கத்தாவின் அன்னை தெரசா அங்கே சென்றிருந்தார். பின்னர் இரண்டாம் ஜான் பால் எனத் திருத்தந்தையாகப் பொறுப்பேற்ற கிராக்கோ கர்தினாலும் வந்திருந்தார். திருத்தந்தையின் தூதுவராகச் சென்றவர் கர்தினால் ஜேம்ஸ் நாக்ஸ். 1957 முதல் பத்தாண்டுகள் இந்தியாவில் திருத்தந்தையின் பிரதிநிதியாய் இருந்தவர் அவர். ஆகஸ்டு 8-ஆம் நாள் நிறைவுத் திருப்பலி இந்த அரங்கில்தான் நிறைவேற்றப்பட்டது. குடியரசுத் தலைவர் போர்டு அங்கு வந்து உரையாற்றினார். ஐம்பதாண்டுகளுக்கு முன் இரு மனிதர் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்த முயன்ற அதே இடத்தில், அன்று அப்பம் பகிரப்பட்டது.

பசி என்னும் சொல் அந்த அரங்கை அத்துடன் விட்டுவிடவில்லை. ஒன்பதாண்டுகள் கழித்து, 1985 ஜூலை 13-ஆம் நாள், எத்தியோப்பியாவில் பஞ்சத்தால் மடிந்துகொண்டிருந்த மக்களுக்கு நிதி திரட்ட, லண்டன் வெம்பிளி அரங்கிலும் இங்கும் ஒரே நாளில் ‘லைவ் எய்ட்’ என்னும் இசை நிகழ்ச்சி நடத்தப்பட்டது. எண்பதாயிரம் பேருக்கு மேல் இங்கே திரண்டனர். விண்கோள் வழியாக உலகெங்கும் மக்கள் அதைக் கண்டனர். பத்துக் கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது.

ஆனால் அப்போதே அரங்கு உள்ளூர நைந்துகொண்டிருந்தது. குளிர்நாட்டுக் கட்டிடங்களின் பகை யாது என்பதை வெப்ப நாட்டினராகிய நாம் எளிதில் உணர்வதில்லை. காங்கிரீட்டின் சிறு வெடிப்பில் மழைநீர் புகுகின்றது. குளிர்காலத்தில் அது உறைந்து பனிக்கட்டியாகிப் பருத்து, வெடிப்பை அகலப்படுத்துகின்றது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து வீங்கி, மேலுள்ள பூச்சைத் தள்ளிவிடுகின்றது. முதலாண்டில் ஒரு கொத்தனார் அரைநாளில் அடைத்துவிடக்கூடிய வெடிப்பு, முப்பதாம் ஆண்டில் ஒரு நகரசபையின் கருவூலத்தையே கேட்கும். 1989 ஜூலை 7-ஆம் நாள் நடந்த இசை நிகழ்ச்சியே அங்கு நடந்த கடைசி நிகழ்ச்சி. காங்கிரீட் உதிர்வதையும், மின்கம்பிகளின் சீர்கேட்டையும், தீவிபத்துக்கு இடமிருப்பதையும் நகர ஆய்வாளர் கண்டனர். ஆறு நாட்கள் கழித்து, மேயர் வில்சன் கூட் அரங்கு ஆபத்தானதென அறிவித்து மூடினார். 1992-ல் அது இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 1996-ல் எழுந்த உள்ளரங்கம் முதலில் ஒரு வங்கியின் பெயரைத் தாங்கியது. வங்கிகள் கைமாறக் கைமாற அதன் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. 1971-ல் கட்டிய புதிய அரங்கோ 2004-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இடித்தது குற்றமா? அல்ல என்றே நாம் கருதுகின்றோம். மக்கள் தலைமேல் விழக்கூடிய கட்டிடத்தைப் பழம்பெருமைக்காக நிறுத்தி வைப்பது அறமன்று. குற்றம் அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருக்கின்றது. திருநாளன்று ஒரு லட்சம் பேர் வருவர். மறுநாள் ஒழுகும் கூரையைப் பார்க்க ஒருவர் வாரார். எல்லாருக்கும் உரியது எவருக்கும் உரியதன்று என்றாகிவிடுகின்றது. நம் பங்கின் பள்ளிக்கூடம், சமூகக் கூடம், ஏன், நம் வீட்டில் முதுமையுற்றிருக்கும் தாய் தந்தையர் நிலையும் பல வேளைகளில் இதுவே அன்றோ? திருமணத்துக்கும் திருநாளுக்கும் கூடுகின்றோம். இடைப்பட்ட நாட்களில் விரியும் சிறு வெடிப்பை யார் அடைப்பது?

இனி, அந்த அரங்கில் நடந்தவற்றுள் எஞ்சியது யாது? பிலடெல்பியாவுக்கு வடக்கே ஆலன்டவுன் என்னும் மறைமாவட்டம் உண்டு. ஆப்பிரிக்காவில் சகாராவின் தென்விளிம்பில் நிலவிய வறட்சியைக் கேள்வியுற்று, அங்குள்ள மக்கள் 1975-ல் ஓர் எளிய முயற்சியைத் தொடங்கினர். தவக்காலத்தில் உணவைச் சுருக்கி, மிச்சமான காசை வீட்டு மேசைமீது வைத்த சிறியதோர் அட்டைப் பெட்டியில் போடுவது. அதற்கு ‘அரிசிக் கிண்ணம்’ என்று பெயர். 1976 மாநாட்டில் அது எல்லாருக்கும் அறிமுகம் செய்யப்பட்டது. மறு ஆண்டே அந்நாட்டு ஆயர்கள் அதைத் தங்கள் வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் பணியாக ஏற்றனர். இன்றும் அது நடைபெறுகின்றது. சேர்வதில் நான்கில் ஒரு பங்கு அந்தந்த மறைமாவட்டத்து ஏழைகளுக்கும், மூன்று பங்கு பிற நாடுகளுக்கும் செல்கின்றது.

உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இடும் நம் தாய்மாருக்கு இது புதிய செய்தியன்று. பிடியரிசி என்று நாம் அதை வழங்குகின்றோம். ஒரு லட்சம் பேரைத் தாங்கிய காங்கிரீட் அரங்கு இன்று இல்லை. பிள்ளைகள் மடித்து ஒட்டும் அட்டைக் கிண்ணம் இருக்கின்றது. ஏனெனில் அதை ஆண்டுதோறும் யாரோ ஒருவர் மீண்டும் எடுத்து மேசைமீது வைக்கின்றனர். நம் இல்லங்களில் அந்தப் பானை இப்போது எங்கே இருக்கின்றது என்று, இதழை மூடி வைத்தபின் சமையலறைக்குச் சென்று பார்ப்போமாக.