மோதிரத்தின் எடை

திருமணம் பேசி முடித்துத் திரும்பும் பெற்றோரிடம் உற்றார் கேட்கும் முதற்கேள்வி, "மணமக்கள் மனமொத்தார்களா?" என்பதன்று, "மாப்பிள்ளைக்கு எத்தனை பவுனில் மோதிரம்?" என்பதே. இராஜபாளையத்துப் பஞ்சாலைகளிலும் சத்திரப்பட்டியின் மருத்துவத்துணித் தறிகளிலும் உழைத்துப் பிழைக்கும் நம் இறைமக்களையும் இக்கேள்வி விட்டுவைக்கவில்லை. நிச்சயதாம்பூலத்தன்று மோதிரம் விரலில் ஏறுகிறது. கடன் தந்தையின் தலையில் ஏறுகிறது.

"இது நம் கிறிஸ்தவ மரபு" என்பர் சிலர். மரபையே கேட்போம். மண ஒப்பந்தத்திற்கு அடையாளமாக மோதிரம் தரும் வழக்கம் உரோமையரிடமிருந்து திருச்சபைக்கு வந்தது. தம் காலத்திலும் மணப்பெண்ணுக்கு அனுப்பப்பட்டது கல் பதிக்காத இரும்பு மோதிரமே என்று முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். பொன்னும் புழக்கத்திற்கு வந்தது; ஆனால் மோதிர விரல் ஒன்றைத் தவிர வேறெங்கும் பொன்னணியாத முற்காலப் பெண்களின் எளிமை மறைந்ததே என்று இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தெர்த்துல்லியன் வருந்தினார். 866ஆம் ஆண்டில் பல்கேரியருக்கு மறுமொழி எழுதிய திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், மோதிரத்தைப் பிரமாணிக்கத்தின் அடையாளமாகக் குறிப்பிட்டதோடு, மணமக்களின் சம்மதமே திருமணத்திற்குப் போதும் என்றும் தெளிவுறுத்தினார். அந்த விரலிலிருந்து இதயத்திற்கு ஒரு தனி நரம்பு ஓடுவதாக முன்னோர் நம்பினர். உடற்கூறு அதை ஏற்பதில்லை. ஆயினும் அந்நம்பிக்கை தேடியது இதயத்தை, தராசை அன்று.

வைரத்தின் கதை வேறு. 1477இல் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன் பர்கண்டியின் மேரிக்கு வைர மோதிரம் அளித்தது அரச குடும்பத்துச் செய்தி. அதை எளியோர் வீட்டுக் கட்டாயமாக்கியது இருபதாம் நூற்றாண்டின் விளம்பரம். வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்ற வாசகத்தை டி பீர்ஸ் நிறுவனத்திற்காக விளம்பர எழுத்தாளர் ஒருவர் ஆக்கித் தந்த ஆண்டு 1947. அது மறைநூல் வாக்கன்று, கடை வாக்கு!

நம் மண்ணின் மரபாவது இதைக் கேட்கிறதா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியில் திருமணக் கனவொன்றைக் காண்கிறார். பெண் கேட்டு வருகின்றனர், மணமாலை சூட்டுகின்றனர், காப்புநாண் கட்டுகின்றனர், கைத்தலம் பற்றித் தீவலம் வருகின்றனர். அக்கனவில் மோதிரம் மாற்றும் சடங்கே இல்லை.

"ரெபேக்காவுக்குத் தரப்பட்ட பொன் மூக்கணி அரைச் செக்கேல் எடை என்று தொடக்கநூலே கூறுகிறதே" என வாதிடுவோரும் உண்டு. நன்று. அதைத் தந்தவர் யார்? மணமகன் வீட்டு ஊழியர். கேட்டுப் பெற்றார்களா? இல்லை, கேளாமலே வந்தது. அதன்பின் ரெபேக்காவை அழைத்து, அந்த மனிதருடன் செல்ல அவருக்கு விருப்பமா என்றும் வினவினர். நாமோ எடையைப் பிடித்துக்கொண்டோம். பெண்ணின் விருப்பத்தைக் கேட்க மறந்தோம்.

"விருப்பத்தோடுதானே செய்கிறார்கள்?" என்பது அடுத்த வாதம். முன்கூட்டியே பேசி முடித்த பவுன் அன்பளிப்பாகுமா? திருமணத்தை ஒட்டிக் கேட்டு வாங்குவது, மணத்திற்கு முன்னரே கைமாறினாலும், 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி குற்றமே. நிச்சயதாம்பூலம் என்னும் பெயர் அதை மூடி மறைத்துவிடாது.

திருமண உதவித்தொகையைக் காட்டி இளம்பெண்களின் உழைப்பை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்ட 'சுமங்கலித் திட்டம்' தமிழக நூற்பாலைகளில் நடந்தது. அக்கொடுமையைக் கண்டிக்கிறோம். ஆனால் ஓர் ஏழைப்பெண் அப்படியொரு தொகைக்காகத் தன் இளமையை அடகு வைக்க நேர்ந்தது எதனால்? நம் வீட்டுப் பவுன் கணக்கினால் அல்லவா?

கனத்த மோதிரம் இன்னொரு தீங்கும் செய்கிறது. நிச்சயித்த பின் ஐயமோ அச்சமோ எழுந்தால், அதை வாய்விட்டுச் சொல்லப் பெண் துணிவதில்லை. "இத்தனை செலவான பிறகா?" என்று வீடே அவளை அடக்குகிறது. திருச்சபையோ அவ்வாறு அடக்குவதில்லை. சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது என்பது சட்ட எண் 1057. திருமண வாக்குறுதியைக் காட்டித் திருமணம் செய்துவைக்குமாறு வழக்குத் தொடர இயலாது என்பது எண் 1062. பலிபீடத்தின்முன் நிற்கும்வரை அவளுக்குள்ள உரிமையை அரைப்பவுன் பறித்துவிடலாமா?

மோதிரத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கூறவில்லை. ஊதாரி மைந்தனின் விரலில் தந்தை அணிவித்த மோதிரம், இழந்த உறவை மீட்டளித்தது; அதன் எடையை நற்செய்தியாளர் எழுதவில்லை. மோதிரம் இருக்கட்டும், பேரம் ஒழியட்டும். இருவருக்கும் ஒரே அளவான, கல்லற்ற எளிய மோதிரம் போதும். வெள்ளியானாலும் இழிவில்லை. அவரவர் மோதிரத்தை அவரவர் வீட்டாரே வாங்கட்டும். சபையில் பவுனை அறிவிக்கும் வழக்கத்தை அன்பியங்களும் பங்குப் பேரவைகளும் முன்னின்று நிறுத்தட்டும். குருக்களாகிய நாங்களும், பேரம் பேசிப் பெற்ற மோதிரத்தை மந்திரிக்குமுன் கேள்வி கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இறைவாக்கினர் ஓசேயா வழியாக ஆண்டவர் தம் மக்களோடு மண ஒப்பந்தம் செய்கிறார். அங்கே அவர் அளிப்பவை நீதி, நேர்மை, பேரன்பு, இரக்கம், பிரமாணிக்கம். இவற்றை எந்தப் பொற்கொல்லரின் தராசில் நிறுப்பது?