இடம் ஒன்று, செட்டர் இருவர்

வாலிபாலில் அடித்தவர் பெயரைத்தான் நாம் சொல்கிறோம். பந்தைத் தூக்கிக் கொடுத்த செட்டரை யார் கேட்கிறோம்? அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் ஆட்டத்தை 2023 ஆகஸ்ட் 30 அன்று 92,003 பேர் திரண்டு பார்த்தார்கள். அன்று செட்டர், முதலாமாண்டு மாணவி பெர்கன் ரெய்லி. 2025 சீசன் அவருக்கு மூன்றாம் ஆண்டு. அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த கேம்ப்பெல் ஃபிளின்னும் செட்டர்தான். ஒரே செட்டரோடு ஆடினால் இடம் ரெய்லிக்கே என்பது நம் கணிப்பு. ஆனால் கல்லூரியில் ஆடக் கிடைப்பது நான்கு சீசன்தான்; பெஞ்சிலேயே ஒன்று கழிவது சின்ன இழப்பா? 2025இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற டேனி பஸ்பூம் கெல்லிக்கு இது தெரியும். இதே அணியில் செட்டராக இருந்தவர், லிபரோவாக மாறித்தான் 2006இல் கோப்பை வென்றார். சர்வீஸ் போடவாவது ஃபிளின்னை அவர் களமிறக்க வேண்டும்.