பிடுங்கும் முன் உற்றுப் பாருங்கள்

மழை ஓய்ந்த வாரங்களில் ஆண்டர்சன்பேட்டையின் வீட்டுத் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த காலி நிலங்களிலும் 'தூய்மைப் பணி' தொடங்கிவிடுகிறது. ஒருபுறம் மண்வெட்டி, மறுபுறம் களைக்கொல்லி. நாம் நட்டவை தவிர மற்றவை எல்லாம் களை என்றே கொள்ளப்படுவதால், தும்பையும் ஆவாரையும் பார்த்தீனியத்தோடு ஒரே குவியலில் வாடிக் கிடக்கின்றன. இதற்கு நேரெதிராக, அயல்நாட்டுச் செடி எதுவாயினும் வேரோடு அகற்ற வேண்டும் என்று வாதிடும் இயற்கை ஆர்வலர்களும் இருக்கின்றனர். இவ்விரண்டு நிலைப்பாடுகளும் பிழையானவை என்பதே என் கருத்து. இரு சாராருமே செடியை உற்றுப் பார்ப்பதில்லை.

பெயரை நம்பி முடிவெடுப்பதில் ஓர் இடர் உண்டு. சீமைக்கருவேலம் போன்ற சிலவற்றுக்கு நம் முன்னோர் 'சீமை' என்ற அடைமொழியைத் தந்து, அவை வெளியிலிருந்து வந்தவை என்பதைப் பெயரிலேயே பதிந்து வைத்தனர். எல்லாச் செடிகளுக்கும் அவ்வாறு நேரவில்லை. உண்ணிச்செடி என்பது நல்ல தமிழ்ப் பெயர். செடியோ அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திற்கு அழகுச்செடியாக வந்தது. பாட்டிமார் கசக்கிக் காயத்தில் பிழிந்த வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்ததே. நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர். ஆகவே தமிழ்ப் பெயரும் நெடுநாள் பழக்கமும் ஒரு செடி இம்மண்ணுக்குரியது என்பதற்குச் சான்றாகா.

அடையாளம் காண உறுப்புகளைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பூக்களை எடுத்துக்கொள்வோம். தும்பையின் தண்டு நாற்கோணமானது. கணுக்களில் திரண்ட பச்சைக் கொத்திலிருந்து உதடு போன்ற வெண்பூக்கள் நீளும். பார்த்தீனியத்தின் இலையோ கேரட் இலைபோல் ஆழப் பிளந்திருக்கும். தண்டில் நெடுக வரிகளும் மெல்லிய மயிரும் இருக்கும். கிளைநுனிகளில் ஐந்து மூலைகள் கொண்ட சிறு வெண்தலைகள் ஏராளமாகத் தோன்றும். வெட்டுக்காயப் பூண்டில் நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூந்தலை நிற்கும். நடுவே மஞ்சள், சுற்றிலும் வெளிறிய இதழ்கள். மஞ்சள் பூக்களிலும் இதே கவனம் வேண்டும். ஆவாரைக்குச் சிற்றிலைகள் இணையிணையாக அமைந்த கூட்டிலையும் தட்டையான காயும் உண்டு. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பிரமதண்டின் இலையில் முள் இருக்கும். கிள்ளினால் மஞ்சள் பால் வடியும். அதன் விதை கடுகு எண்ணெயில் கலந்ததால் 1998இல் தில்லியில் பலர் உயிரிழந்தனர். கைப்பேசிச் செயலி உதவும், மறுப்பதற்கில்லை. ஆயினும் அது சொல்லும் பெயரைத் தண்டையும் இலையையும் காயையும் கொண்டு சரிபார்த்த பின்னரே ஏற்க வேண்டும்.

அடையாளம் கண்டபின் எழும் கேள்வி, எதை அகற்றுவது என்பது. அயல் தாவரம் வேறு, ஆக்கிரமிப்புத் தாவரம் வேறு. கோலார் மாவட்ட உழவர் பலருக்கு வாழ்வளிக்கும் தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்துகள் கிடைக்கின்றன. பார்த்தீனியத்தை ஒடுக்க 1984இல் பெங்களூரில் விடப்பட்ட வண்டும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். இவற்றை வெளியேற்ற எவரும் முனைவதில்லை. 1950களில் புணேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியத்தின் நிலை வேறு. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கிறது. வேரும் இலையும் கசியவிடும் நச்சுப் பொருள்கள் அண்டைச் செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. தோல் அழற்சியும் ஆஸ்துமாவும் அதனால் வருகின்றன. உண்ணிச்செடியின் தேனை வண்ணத்துப்பூச்சிகள் நாடுகின்றன என்பது உண்மை. ஆனால் அதன் முட்புதர் மேய்ச்சல் நிலத்தை மூடிவிடுகிறது. இலையைத் தின்ற மாடுகளின் ஈரல் கெடுகிறது. எனவே ஒரு செடியின் பிறப்பிடத்தைக் காட்டிலும், அது இங்கே என்ன செய்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இதனை இவ்வூரில் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே பூமிக்கடியில் உழைத்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் இம்மண்ணைவிட்டு அகலாதவர்களின் வழித்தோன்றல்கள் நாம். 'வந்தேறி' என்ற சொல்லின் வலியை அறிந்த ஊர் இது. மனிதரைச் செடிக்கு ஒப்பிடுவது என் நோக்கமன்று. அந்த ஒப்பீடு ஆபத்தானது. அதனாலேயே செடிகளைக் குறித்தும் வெறுப்புச் சொற்களைத் தவிர்த்து, விளைவுகளைக் கொண்டு பேசுவோம் என்கிறேன்.

கண்மூடித்தனமான தூய்மைப் பணியின் பெருங்கேடு இன்னொன்று. பார்த்தீனியம் விரும்புவது கிளறப்பட்ட வெற்று நிலத்தை. இங்கோ தோண்டப்பட்டும் கைவிடப்பட்டும் கிடக்கும் நிலத்திற்குக் குறைவில்லை. தும்பையையும் ஆவாரையையும் சிறுபூளையையும் சேர்த்து அழித்தால், மண்ணில் உறங்கும் பார்த்தீனிய விதைகளுக்கு நாமே இடம் ஒழித்துத் தருகிறோம். சயனைடு மேடுகளின் புழுதி பறக்கும் ஊரில், மண்ணைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு வேருக்கும் மதிப்புண்டு.

செய்ய வேண்டியவை எளியவை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மண் ஈரமாயிருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்குங்கள். உண்ணிச்செடியை மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தில் வெட்டி, மீண்டும் துளிர்க்கிறதா என்று கவனித்து வாருங்கள். காலியான இடத்தை அப்படியே விடாமல் ஆவாரை விதையைத் தூவுங்கள். வெட்டுக்காயப் பூண்டு ஓரமாக நின்றால் நிற்கட்டும். மற்றவற்றை நெருக்கும்போது மட்டும் குறையுங்கள்.

நம் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பும் ஒரு தெருவைத் தேர்ந்து, பருவந்தோறும் அங்கே பூக்கும் செடிகளைத் தமிழ், கன்னடப் பெயர்களோடு ஒரு குறிப்பேட்டில் பதியலாம். பூமிக்கடியில் இருந்த பொன்னைப் பற்றி நூறாண்டுக்கு மேலாகக் கணக்கு வைத்திருந்த ஊர் இது. மண்ணுக்கு மேலே பூப்பவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கட்டும். உங்கள் தோட்டத்தில் ஐயமூட்டும் செடி இருப்பின், பூ, இலை, தண்டு மூன்றின் படங்களையும் பின்னூட்டத்தில் இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.