கரண்டு அடித்த கதை

போன தீபாவளிக்கு மறுநாள், புந்தோங்கில் பெரியப்பா மகன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். ஈப்போவின் சாயங்கால மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு மணிக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய இடி ஒன்று விழுந்ததும் வீட்டில் விளக்கு, காற்றாடி, தொலைக்காட்சி எல்லாம் அணைந்தன.

அண்ணன் எழுந்துபோய், சுவிட்ச் பெட்டியில் விழுந்து கிடந்த ஆர்சிசிபியைத் தூக்கிவிட்டு வந்தார். "பெரிய தொல்லையா போச்சு. இடி இடிச்சா விழுந்துடுது. ஆளைக் கூப்பிட்டு டைரக்டா கொடுக்கச் சொல்லணும்" என்றார்.

அந்தப் பேச்சில்தான் கரண்டு அடித்த கதைகள் ஆரம்பமாயின. எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? சித்தப்பாவை இஸ்திரிப் பெட்டி தூக்கிப்போட்ட கதை. அண்ணி ஈரக்கையோடு மாவரைக்கும் இயந்திரத்தைத் தொட்ட கதை. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் தம்பி மகன், வாடகை அறையில் மடிக்கணினியைத் தொட்டாலே விரல் நுனி சுரசுரவென்கிறது என்றான். "இலவச மசாஜ்" என்று அவனே சிரித்தான்.

நான் என் தோட்டத்துக் கதையைச் சொன்னேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். 1984-இல் எனக்குப் பத்து வயது. லயத்து வீடுகளுக்குத் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்துதான் மின்சாரம். மாலை ஆறு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போய்விடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான்.

இத்தனைக்கும் எங்கள் வட்டாரத்துக்கு மின்சாரம் புதிதல்ல. பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை 1930-லேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் அதில்தான் ஓடின. பால் மரம் வெட்டியவர்களின் வீட்டுக்கு அது வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதனால் எங்களுக்குக் கரண்டு என்பது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. வந்ததே பெரிது. அது கொஞ்சம் கிள்ளினால் யாரும் புகார் சொல்ல மாட்டோம்.

அந்த வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இரும்புக் குழாய்களை நட்டுக் குழல்விளக்கு கட்டியிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த நேரம். வெறுங்காலோடு ஓடிவந்த நான் ஒரு குழாயைப் பிடித்தேன். உடம்பு முழுக்க யாரோ உலுக்கியதுபோல் இருந்தது. எப்படி விடுபட்டேன் என்று தெரியாது. சேற்றில் கிடந்தேன். சாமி வந்துவிட்டது என்று ஒரு பாட்டி எனக்குத் திருநீறு பூசினார். இந்த இடத்தில் எப்போதும் எல்லாரும் சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள்.

அந்தச் சூட்டிலேயே அம்மாவின் கதையையும் சொன்னேன். அது நடந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் தாமான் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வெளிக்கூடத்தில் இருந்தது. "தம்பி, மிஷின் கிள்ளுதுய்யா" என்று அம்மா இரண்டு மூன்று முறை சொன்னார். "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்கம்மா" என்றேன். ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மழை நாளில் செருப்பில்லாமல் போய்த் துணியை எடுத்தவர், கையை எடுக்க முடியாமல் நின்றார். ஈரத்தில் கால் வழுக்கிக் கீழே விழுந்ததால் கை தானாகப் பிரிந்தது. மணிக்கட்டு முறிந்தது.

"கரண்டைவிட விழுந்ததுலதான் அடி" என்று நான் முடித்தேன். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கச்சாங் பூத்தே டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே, "நீங்க எல்லாரும் பொழைச்சவங்க, சொல்றீங்க. உங்க மாமாவுக்கும்தான் அடிச்சுச்சு. அவரு எங்க வந்து கதை சொன்னாரு?" என்றார்.

யாரும் பேசவில்லை. அத்தைதான் தொடர்ந்தார்.

மாமா இறந்தது தொண்ணூறுகளின் நடுவில். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டு, மரங்கள் நன்றாக உயர்ந்துவிட்டிருந்த நேரம். மரம் உயர உயர, குலை அறுக்கும் அரிவாளைக் கட்டும் கழியும் நீளமாகும். முன்பு மூங்கில் கழி. பிறகு வந்தது அலுமினியக் கழி. எடை குறைவு, தோளுக்குச் சுகம். ஆனால் அலுமினியம் மின்சாரத்தை அருமையாகக் கடத்தும். தோட்டத்து ஓரமாக 11,000 வோல்ட் கம்பி போனது. நீண்ட கழியை நிமிர்த்தும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று யாரால் சொல்ல முடியும்? உறையில்லாத அந்தக் கம்பியைக் கழி தொட்டது. மாமா அங்கேயே போய்விட்டார். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். அத்தை அன்று சொன்னது தெரியாது.

"முதல் நாள் ராத்திரியே சொன்னாரு. அந்த வரிசை மரம் கம்பிக்கு ரொம்பப் பக்கமா இருக்கு, நாளைக்கு அதுதான் எனக்குன்னு. நான் என்ன சொன்னேன்? பார்த்து அறுங்கன்னு சொன்னேன். வேணாம், போகாதீங்க, கிராணிகிட்ட சொல்லுங்கன்னு வாயில வரலையே."

எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தை சொன்ன "பார்த்து அறுங்க"வும் நான் சொன்ன "செருப்பு போட்டுக்குங்க"வும் ஒன்றுதான். பழுதை அப்படியே விட்டுவிட்டு, ஆளை மட்டும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வது. ஆனால் அத்தைக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. தினக்கூலி வீடு. எனக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் உறுத்தியது.

ஏனென்றால் நான் சொன்ன கதையில் பாதியை நான் சொல்லவேயில்லை. எங்கள் வீட்டிலும் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, அதைத் தாண்டி நேராக இணைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தவன் நான். இயந்திரத்துக்கு வயர் எட்டவில்லை என்று எர்த் கம்பியே இல்லாத மலிவான நீட்டுவயரை வாங்கிப் போட்டவனும் நான். விபத்துக்குப் பிறகு இயந்திரத்தைத்தான் மாற்றினேன். மற்ற இரண்டும் அப்படியே இருந்தன.

அன்றிரவு வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் முக்கியமானதைச் சொல்கிறேன்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயிரை எடுப்பது உடம்பு வழியாக ஓடும் மின்னோட்டத்தின் அளவு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்ஸீல், தாமாக முன்வந்தவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எவ்வளவு மின்னோட்டம் வரை ஒருவரால் பிடித்த கம்பியை விட முடிகிறது? ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியம்பியர். பெண்களுக்குச் சுமார் 10.5. அதற்கு மேல் போனால் கைத்தசை இறுகிக்கொள்ளும். விரலை மடக்கும் தசை, விரிக்கும் தசையைவிட வலுவானது. ஆகவே கை தானாகவே மூடிக்கொள்ளும். அம்மாவால் கையை எடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். இன்னும் கூடி ஐம்பது, நூறு மில்லியம்பியர் இதயத்தின் வழியாகப் போனால் அதன் துடிப்பே குலைந்துவிடும்.

இப்போது உங்கள் பிளக்கைப் பாருங்கள். அதற்குள் 13 ஆம்பியர் பியூஸ் இருக்கும். 13 ஆம்பியர் என்றால் 13,000 மில்லியம்பியர். கையை விட முடியாமல் செய்யும் அளவைப்போல் எண்ணூறு மடங்கு. பியூஸ் வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது.

மனிதரைக் காப்பதற்கென்றே இருப்பது ஆர்சிசிபி. போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், எங்கோ கசிகிறது, ஒருவேளை ஓர் ஆளின் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று கணக்கிட்டு, கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லியம்பியரில் துண்டிப்பதும், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லியம்பியரில் துண்டிப்பதும் வேண்டும் என்கின்றன. குளியலறைச் சுடுநீர்க் கருவிக்குத் தனியாக 10 வேண்டும். வீட்டில் 100 மில்லியம்பியருடையது ஒன்று மட்டும் இருந்தால், அது ஆளைக் காக்கப் போதாது.

அதன் மேல் எண் எழுதியிருக்கும். போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே 'T' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்த வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் நல்லது. இல்லையென்றால் அது வெறும் அலங்காரம். ஒன்றையும் மறக்காதீர்கள்: ஒரே நேரத்தில் இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. அதனால் அது இருக்கும் தைரியத்தில் வயரில் கை வைக்கக் கூடாது.

இன்னொரு பழக்கம் உண்டு. செய்யாத வீடு குறைவு. இரண்டு பின் பிளக் நுழையவில்லை என்றால், சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தித் திறந்து செருகுவது. பிள்ளைகளின் விரலும் ஊசியும் போகக் கூடாது என்றுதான் அந்தத் துளைகளுக்குள் கதவு வைத்திருக்கிறார்கள். எர்த் பின் நீளமாக இருப்பதும் அந்தக் கதவை அது முதலில் திறப்பதற்காகத்தான். நாம் குத்தித் திறப்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாளைக்கு அதன் கையில் பேனாவுக்குப் பதில் ஆணி இருந்தால்?

யாருக்காவது கரண்டு அடித்துக் கை ஒட்டிக்கொண்டால், ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் மட்டும், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, காய்ந்த துடைப்பக் கட்டையால் தள்ளிவிடுங்கள். வெளியே உயரத்தில் போகும் பெரிய கம்பி என்றால் கட்டையெல்லாம் உதவாது. குறைந்தது 10 மீட்டராவது தள்ளி நின்று, 999-க்கும் தெனாகா நேஷனலின் 15454-க்கும் அழையுங்கள். மாமாவைத் தூக்க ஓடிய நண்பரை மண்டோர் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் அன்று இரண்டு பேர் போயிருப்பார்கள்.

ஆளை விடுவித்த பிறகு மூச்சும் அசைவும் இல்லையென்றால், 999-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். இந்த நெஞ்சழுத்த முறை வந்த வழி பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மின்கம்பி வேலையாட்கள் அடிக்கடி இறந்ததால், மின்சார நிறுவனங்களே பணம் கொடுத்து ஆராயச் சொன்னன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மின்பொறியாளர் வில்லியம் கூவன்ஹோவனும் அவருடைய சகாக்களும் அந்த வழியில் போய்த்தான் 1960-இல் இந்த முறையை உலகுக்கு அறிவித்தார்கள். மாமாவைப் போன்ற கூலிக்காரர்களின் சாவிலிருந்து பிறந்த வைத்தியம் அது. பிழைத்தவர் நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த வாரமே பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டேன். நான் காசு கொடுத்துக் கெடுத்ததைக் காசு கொடுத்தே சரிசெய்தேன். அண்ணனிடம் டைரக்ட் வேண்டாம் என்றேன். இடிக்கு விழுந்தால் எழுந்துபோய்த் தூக்கிவிடுவது ஒரு நிமிட வேலை. ஆனால் இடியே இல்லாமல் அடிக்கடி விழுந்தால், ஏதோ ஒரு கருவி கசிகிறது என்று அர்த்தம். அதைத்தான் தேட வேண்டும்.

பிறகு அத்தை வீட்டுக்குப் போனேன். தோட்டம் கைமாறியபோது கிடைத்த சின்ன வீடு, தனியாகத்தான் இருக்கிறார். நாற்காலி போட்டு ஏறி 'T' பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ! மாற்றிக் கொடுத்தோம். பெட்டியையும் அத்தைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கச் சொன்னேன். ஒரு தரம் அழுத்திக் காட்டினேன். வீடு இருண்டதும் அத்தை திடுக்கிட்டு, பிறகு அவரே தூக்கிவிட்டார்.

"இது அப்ப இருந்திருந்தா உங்க மாமா பொழைச்சிருப்பாரா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லத்தை. அந்தக் கம்பிக்கு இது பத்தாது. அந்த வரிசைக்கு அவரை அனுப்பாம இருந்திருக்கணும். அது உங்க தப்பில்ல" என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

இப்போதெல்லாம் மாதம் பிறந்தால் காலையிலேயே அத்தையிடமிருந்து போன் வரும். "தம்பி, அழுத்துனேன். விழுந்துடுச்சு. உன் வீட்டுல பார்த்துட்டியா?" என்பார்.

இன்னும் இல்லை என்று சொன்னால் போனை வைக்க மாட்டார்.