பூக்கிற நேரத்தில் நாங்கள் அங்கே நிற்க வேண்டும்!

கொட்டாஞ்சேனைத் தோழர்களே, தோழியரே!

மருதானையில் ரயில் ஏறினால் கம்பஹாவுக்கு அடுத்த தரிப்பிடம் தாரலுவ. அங்கே ஒரு மரம் நிற்கிறது. குரூடியா சைலானிக்கா என்று பெயர். அவரைக் குடும்பம், இலங்கை மண்ணுக்கு மட்டுமே உரியது. 2012இன் செம்பட்டியல் இந்த இனம் அழிந்துபோனது என்று எழுதிவிட்டது. 2019இல் தாரலுவவில் உயிரோடு கண்டார்கள். 2021 பெப்ரவரியில் அதிவேகப் பாதைக்காக அதையே வெட்டப் பார்த்தார்கள்! எதிர்ப்புக் கிளம்பியது, கோடரி நின்றது.

கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மரம் நிற்பதும் இனம் பெருகுவதும் ஒன்றா? ஒரு மின்னல், ஒரு சூறாவளி போதும். அதற்குள் காய்த்து, விதைத்து, கன்றுகள் வேறு இடங்களிலும் வேர்விட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பூவைத் தெரிய வேண்டும். குரூடியாப் பேரினத்துப் பூக்களுக்கு இதழே கிடையாது. நான்கு புல்லிகள், எட்டுப் பத்து மகரந்தத் தாள்கள், அவ்வளவுதான். இந்த எளிய பூவைத் தேடி வருவது தேனீயா, வண்டா, இரவு அந்துப்பூச்சியா? வருகிற பூச்சி அதே மரத்து மகரந்தத்தையே திரும்பக் கொட்டினால் பல மரங்கள் அதை ஏற்பதில்லை. சூல்முடியில் விழுந்த மகரந்தம் குழாய் நீட்டாமல் நின்றுவிடும். அப்படிப்பட்ட மரம் தனித்து நின்றால் பூத்துப் பூத்துக் கொட்ட வேண்டியதுதான்.

மொரீசியசைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவைப் பாருங்கள். அழிந்ததாக எண்ணிய காட்டுக்காப்பிச் செடி ஒன்றை 1980இல் ஒரு பள்ளிச் சிறுவன் கண்டுபிடித்தான். அதன் தண்டுகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். பூத்தது, காய்க்கவில்லை. கார்லோஸ் மக்டலேனா என்ற தோட்டக்காரர் சூல்முடியை வெட்டி, அங்கே மகரந்தத்தை வைத்து, விடாமல் முயன்றார். 2003இல் காய் பிடித்தது. பின்னர் விதைகள் தீவுக்கே திரும்பின. இருபது வருடத்துக்கு மேலான பிடிவாதம் அது. எங்களிடம் இருக்கிறதா?

ஜம்பட்டா வீதித் தேனீ தாரலுவ வரை பறக்காது, தெரியும். ஆனாலும் மாடிவீட்டில் கூடு கட்டினால் தீப்பந்தம் தூக்குகிற எங்கள் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். தேனீ இல்லாத ஊரில் மரத்தைச் சுற்றி வேலி போட்டு என்ன பயன்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மொட்டு தெரிந்த நாளிலிருந்து இருவர் இருவராகக் காவல் இருப்போம், இரவிலும். எந்த உயிர் வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பூவில் காய் பிடிக்கிறது என்று எழுதுவோம். அந்தக் குறிப்புகளோடு வன பரிபாலனத் திணைக்களத்திடமும் பேராதனைத் தாவரவியல் பூங்காவிடமும் போய், கைமகரந்தச் சேர்க்கைக்கும் நாற்றுக்கும் மூன்று மொழியில் கோரிக்கை வைப்போம்.

ஒரு இலை, ஒரு பூ, ஒரு காய் பறிக்கக் கூடாது. மரத்தடி மண்ணை மிதித்து இறுக்கவும் கூடாது. தாரலுவ மக்கள் அங்கே வீட்டுக்காரர், நாங்கள் விருந்தாளிகள். நல்ல சிங்களம் பேசுகிறவர்கள் முன்னே வாருங்கள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் வாசலில் கூடுவோம். குறிப்பேடு, தண்ணீர்ப் போத்தல், சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச் லைட் கொண்டு வாருங்கள். வெள்ளை வெளிச்சம் அந்துப்பூச்சியைக் கலைக்கும்.